எட்டுத் தூண்களின் தோல்

வாசகசாலையிலிருந்து கடிதம் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உள்ளே இருக்கிற எட்டு மரத்தூண்களிலும் அடித்திருக்கும் பிளாஸ்டிக் பெயின்ட்டை அடியோடு உரித்தெடுத்துவிட்டு, மரம் நன்றாகக் காய்ந்த பிறகு பழைய முறைப்படி எண்ணெய்ப் பெயின்ட் அடிக்க வேண்டும், வேலையை எடுத்துக்கொள்ள விருப்பமா என்று கேட்டிருந்தார்கள். மினுக்கர் கடிதத்தை மூன்று தடவை படித்தார். வேறு பெயின்டராக இருந்தால், உரிக்கிற வேலை நாய் படாத பாடு, நமக்கு எதற்கு இந்த வம்பு என்று கடிதத்தைப் பரண்மேல் போட்டிருப்பார். இவர் மறுநாள் காலையிலேயே நேரில் போய், நான் செய்கிறேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். அந்த வேலைமேல் அவருக்கு ஆசை ஒன்றும் இல்லை. வேறு எவனும் அந்தத் தூண்களில் கைவைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

மினுக்கர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. கதவாகட்டும், கேட்டாகட்டும், கட்டில் காலாகட்டும், அவர் கை பட்டால் அதில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். மினுங்காத பெயின்ட் அவருக்குப் பெயின்ட்டே இல்லை. அந்தப் பெயர் எப்போது ஒட்டியது என்று தெரியாது. வீட்டுக்கு வரும் கடிதங்கள்கூட இப்போது அந்தப் பெயருக்குத்தான் வருகின்றன.

தூண்களில் அப்படி என்ன இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் பன்னிரண்டு வருஷம் பின்னால் போக வேண்டும். அதிக நேரம் எடுக்காது.

அப்போது அவர் தனி ஆள் இல்லை. மனைவியின் அண்ணனும் அவரும் கூட்டு. மச்சானுக்கு நிதானம் என்று பெயர். பிரஷ்ஷைத் தொட்டியில் முக்கினால் விளிம்பில் இரண்டு தடவை வழித்து, ஒரு தடவை உற்றுப் பார்த்து, அப்புறம்தான் மரத்துக்குக் கொண்டுபோவார். ஒரு கோட்டு அடித்துவிட்டு நாலு நாள் காத்திருப்பார். இருவரும் வாசகசாலை வேலையை எடுத்தார்கள். நூற்று முப்பது வருஷத்துக் கட்டிடம். கீழே படிக்கிற கூடம், மேலே அதைச் சுற்றிப் புத்தக அலமாரிகள் நிற்கிற உள்மாடி, அதைத் தாங்க எட்டு மரத்தூண்கள். தூண்களிலிருந்த பழைய எண்ணெய்ப் பெயின்ட்டை நெருப்புக் காட்டிச் சுட்டு எடுத்து வெறும் மரமாக்கி வைத்திருந்த நேரம். மேலே ஓடு மாற்றுகிறோம் என்று கூரையைப் பாதி பிரித்துப் போட்டிருந்தார்கள். பருவம் தப்பி ஒரு மழை வந்தது. ஐந்து நாள் விடவில்லை. எட்டுத் தூண்களும் குளித்தன.

மழை விட்ட பிறகு நிதானம் ஒவ்வொரு தூணிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பாலிதீன் தாளை வைத்து நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினார். மறுநாள் காலையில் எட்டுத் தாளிலும் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, எட்டுத் தூணிலும் நெஞ்சளவு உயரத்தில் 'ஈரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"ரெண்டு மாசம் ஆகும் மாப்ள. காயட்டும். அப்புறம் எண்ணெய்ப் பெயின்ட் அடிக்கலாம்."

புதுப்பித்த வாசகசாலையின் திறப்புவிழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. மினுக்கரிடம் புதிதாக வந்த பிளாஸ்டிக் பெயின்ட் ஒரு டப்பா இருந்தது. கடைக்காரர் சொன்னதை அப்படியே மனப்பாடம் செய்திருந்தார்.

"மச்சான், இது தண்ணி ஊத்திக் கலக்குற பெயின்ட். தண்ணிக்குத் தண்ணியால என்ன கெடுதல் வரும்? ஒரு தடவை அடிச்சுட்டா ஆயுசுக்கும் சொட்டுத் தண்ணி போகாது."

இந்த மாதிரி ஒரு நியாயம் பெயின்டருக்கு மட்டும்தான் தோன்றும். நிதானம் அவரையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நீ அடி. நான் வரலை."

பிரஷ்ஷைக் கழுவித் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சத்தம் இல்லை, சண்டை இல்லை. அன்றைக்கு மினுக்கர் நிதானத்தை இழந்தார் என்று அவரோடு வேலை செய்தவர்கள் பிறகு சொல்லிச் சிரித்தார்கள். மினுக்கர் மூன்றே நாளில் எட்டுத் தூணையும் அடித்து முடித்தார். மரத்துக்கு முதலில் அடிக்கிற பிரைமர் காய நேரமில்லை என்று அதையும் விட்டுவிட்டு, வெறும் மரத்தின் மேலேயே கெட்டியாக இரண்டு கோட்டு. திறப்புவிழாவில் வந்தவர்கள் எல்லாரும் தூணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

ஆறு மாதத்தில் தூண்களில் கொப்புளம் கிளம்பியது. வாசகசாலையில் கூப்பிட்டு வைத்து டோஸ் விட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், என்னங்க ஆச்சு, ஏன் முகம் இப்படி இருக்கு என்று. அந்த நிமிஷத்தைத் தாண்டினால் போதும் என்றிருந்தது அவருக்கு.

"உன் அண்ணன்தான் தொட்டுப் பார்த்துட்டு, காஞ்சிருக்கு, அடிக்கலாம்னான். அவன் பேச்சை நம்பி அடிச்சேன். இப்ப ஆளையே காணோம். தப்புன்னு தெரிஞ்சுதான் கழண்டுக்கிட்டான்."

ஒரு சாயங்காலத்தைத் தாண்டச் சொன்ன பொய். அது பன்னிரண்டு வருஷத்தைத் தின்றுவிட்டது. அவளும் சாதாரணப் பெண் இல்லை. தேய்க்கிற, சுரண்டுகிற வேலையெல்லாம் அவள் பொறுப்பு, புருஷனுக்குச் சரியாக உழைக்கிறவள். சித்தி மூலமாக அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினாள், செய்த தப்பை ஒரு வார்த்தை ஒத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று. பதில் வந்தது: "நான் எழுதி வச்சுட்டுத்தான் வந்தேன்னு சொல்லுங்க."

"எழுதி வச்சாராமா. விலகிக்கறேன்னு எழுதி வச்சிருப்பான். தங்கச்சி புருஷன் மாட்டிக்கிட்டு முழிக்கிறானேன்னு கொஞ்சமாவது இருக்கா பாருங்க. நெஞ்சுல ஈரமே இல்லாதவன்," என்றாள் அவள்.

மினுக்கருக்குத் தண்ணீர் புரையேறியது. அவள் அவர் தலையில் தட்டிக் கொடுத்தாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று அவர் நினைக்காத வாரம் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வாரமும் சேர்ந்துகொண்டு, சொல்ல வேண்டியதைப் பெரிதாக்கிக்கொண்டே போனது. பெயின்ட் மேல் பெயின்ட் அடித்துக்கொண்டே போனால் கதவு மூடாமல் போகுமே, அந்த மாதிரி.

இப்போது விஷயத்துக்கு வருவோம். உள்மாடியின் தரை ஒரு பக்கம் இரண்டு விரல்கடை இறங்கிவிட்டது. வாசகசாலையை மூடிவிட்டு, பழைய கட்டிடங்களின் மரத்தைச் சோதிப்பதற்கென்றே படித்த ஓர் அம்மாவை வரவழைத்தார்கள். கையில் சின்னச் சுத்தியல், இரண்டு ஊசி வைத்த மீட்டர், ஒரு பேனாக்கத்தி. தட்டிப் பார்த்துக் காதை வைத்துக் கேட்பதால் வேலையாட்கள் முதல் நாளே அவருக்கு மரத்து டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். டாக்டரம்மா மூன்றாம் தூணின் காலடியில் கத்தியை வைத்து அழுத்தினார். கத்தி கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது.

"இதுக்கு யார் பெயின்ட் அடிச்சது?"

"நான்தாம்மா," என்றார் மினுக்கர். அதை மறைக்க முடியாது. வாசகசாலையின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது.

"என்ன சொல்லி அடிச்சீங்க?"

"சொட்டுத் தண்ணி போகாதுன்னு."

"சொன்னபடியே போகலை பாருங்க. பன்னெண்டு வருஷமா உள்ளேயேதான் இருக்கு."

பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. தூணில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "மரம் தண்ணியைக் குடிக்கும், திருப்பி விடும். அது இயல்பு. எண்ணெய்ப் பெயின்ட் மெல்லிசா மரத்துக்குள்ள போய் உட்காரும், ஈரம் வந்தா வெளியே போக வழி விடும். இது மேல ரெயின் கோட்டு மாட்டின மாதிரி மூடிருச்சு. ஏற்கெனவே ஈரமா இருந்த மரத்துமேல அடிச்சிருக்கீங்க. அது எப்படி நடந்துச்சுன்னு நான் ரிப்போர்ட்டுல எழுதணும். அதனால உரிக்கிற தோலை ஒண்ணுகூடத் தூக்கிப் போட்டுடாதீங்க. தூணுக்கு ஒண்ணா எட்டும் எனக்கு வேணும்."

"எங்க அண்ணன்தான் காஞ்சிருக்குன்னு சொன்னாரும்மா," என்றாள் மனைவி. சொல்லும்போது அவள் முகம் சிறுத்துப்போனது. அண்ணன் செய்த தப்புக்குத் தங்கை வெட்கப்படுகிற வெட்கம் அது. மினுக்கர் ஏணியை எடுக்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டார். தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

வேலையைப் பங்கு பிரித்தார். இருபத்தாறு ஜன்னல் மனைவிக்கும் கூட வந்த இரண்டு பெண்களுக்கும். தூண்கள் தனக்கு.

"சுரண்டற வேலைன்னா காத தூரம் ஓடுவீங்களே. இன்னைக்கு என்ன, மழைதான் வரப்போகுது," என்றாள்.

"உனக்கு முதுகு வலின்னு சொன்னியே."

"அது போன வருஷம்."

"போன வருஷம் சொன்னதுதான் இப்ப ஞாபகம் வந்துச்சு."

"ரொம்பச் சீக்கிரம்," என்றபடி அவள் சுரண்டுகிற பட்டித்தகட்டை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். புருஷன் வயதான காலத்தில் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் தூணில் கொப்புளத்துக்கு அடியில் தகட்டைக் கொடுத்து நெம்பினார். பெயின்ட் பிடிவாதம் எதுவும் பிடிக்கவில்லை. ஆளுயரத்துக்கு ஒரே தோலாக, பாலாடை மாதிரி கழன்று வந்தது. உள்ளே மரம் கறுத்து நசநசவென்று இருந்தது. பூஞ்சை வாடை குப்பென்று அடித்தது. அவர் வாடையைக் கவனிக்கவில்லை. நெஞ்சளவு உயரத்தில் மரத்தைத்தான் பார்த்தார். அங்கே எழுத்து இல்லை. துணியால் துடைத்தார். இல்லை. பன்னிரண்டு வருஷத்து ஈரத்தில் கரைந்துபோய்விட்டது, கடவுள் இருக்கிறார் என்று நினைத்து மூச்சு விட்டார்.

மூச்சை முழுக்க விடுவதற்குள் கையிலிருந்த தோலின் உள்பக்கம் கண்ணில் பட்டது. பிரைமர் இல்லாததால் பென்சில் மரத்தை விட்டுவிட்டுப் பெயின்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கொட்டை எழுத்து, அப்பட்டமாக, வலமிருந்து இடமாகத் திரும்பியிருந்தது. ஓர் எழுத்துகூட மங்கவில்லை. அவருடைய பெயின்ட் பாதுகாத்தது அது ஒன்றைத்தான்.

ஈரத்துணியால் தேய்த்தார், போகவில்லை. பிளேடால் ஓர் ஓரத்தைச் சுரண்டினார், சுரண்டிய இடம் இன்னும் பளிச்சென்று தெரிந்தது, இங்கே எதையோ மறைத்திருக்கிறார்கள் பார் என்று. தூக்கிப் போட்டுவிடலாம் என்றால் டாக்டரம்மா எட்டு என்று எண்ணிச் சொல்லியிருக்கிறார். கடைசியில் எழுத்து உள்ளே போகும்படி நாலாக மடித்துச் சாக்கில் போட்டார். ஈரத்தோடு மடித்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிக்க வராமல் போகும் என்று ஒரு கணக்கு.

நாலு நாள் இப்படிப் போனது. ஒரு நாளைக்கு இரண்டு தூண். வேலை என்னவோ சுத்தமாக நடந்தது. டாக்டரம்மா வந்து மீட்டரைக் குத்திப் பார்த்து எண்களை நோட்டில் குறித்துக்கொண்டு போவார். தோலைக் கேட்டால், கடைசியில் மொத்தமாகத் தருகிறேன், இப்போது ஒன்றிரண்டாகக் கொடுத்தால் எண்ணிக்கை குழம்பிவிடும் என்பார் இவர். சாக்கைப் பின்னறையில் ஏணிகளுக்கு அடியில் செருகி வைத்திருந்தார். மத்தியானம் சாப்பிடக்கூட அந்த அறையிலேயே உட்கார்ந்தார். மனைவி டிபன் பாக்ஸோடு வந்து, "என்னங்க இது, இந்த நாத்தத்துல போய் உட்கார்ந்துட்டு," என்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இங்கேதான் குளிர்ச்சியாக இருக்கிறது என்றார்.

எட்டாவது தூணையும் உரித்து முடித்த அன்று அவருக்கு உடம்பே லேசானது போல இருந்தது. தோலைப் பொட்டலமாகக் கட்டி டாக்டரம்மா கையில் கொடுத்துவிட்டால் அது எங்கோ ஓர் ஆபீஸுக்குப் போய்விடும். அங்கே எவர் பார்த்தால் என்ன, இவள் பார்க்கப் போவதில்லை. உப்புத்தாளும் பொட்டலம் கட்ட நல்ல அட்டைப் பெட்டியும் வாங்கக் கடைக்குப் போனார். கடையில் கூட்டம். முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

அந்த முக்கால் மணி நேரத்தில் டாக்டரம்மா வந்துவிட்டார். மறுநாள் வர வேண்டியவர், அந்தப் பக்கம் வேறு வேலையாக வந்ததில் அன்றைக்கே எட்டிப் பார்த்தார். சாக்கை இழுத்துப் பிரித்துப் பார்த்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இப்படி ஈரத்தோட மூட்டை கட்டி வச்சா பூஞ்சை தின்னுடும். ஒரு கயித்தைக் கட்டி, உள்பக்கம் வெளியே தெரியற மாதிரி எட்டையும் தொங்கப் போடுங்கம்மா. நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கறேன்," என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார்.

கூட வந்த இரண்டு பெண்களும் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். அவள் கூடத்தின் குறுக்கே தூணுக்குத் தூண் கயிறு கட்டி, மடிப்புகளை மெதுவாகப் பிரித்து, துணி காயப்போடுகிற மாதிரி எட்டையும் வரிசையாகத் தொங்கவிட்டாள். உள்பக்கத்தில் ஏதோ பென்சில் கிறுக்கல் இருந்ததை அவள் பார்க்காமல் இல்லை. திருப்பி எழுதின எழுத்து யாருக்குப் புரியும், தச்சர் போட்ட குறியாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். கையைக் கழுவத் திரும்பினாள். எதிரே சுவர் நெடுகக் கண்ணாடி போட்ட புத்தக அலமாரிகள். சாயங்கால வெயில் கூடத்துக்குள் விழுந்திருந்தது. அலமாரிக் கண்ணாடிகளில் எட்டுத் தோல்களும் தெரிந்தன, எழுத்தெல்லாம் நேராகி.

ஈரம். ஈரம். ஈரம். எட்டுத் தடவை.

மினுக்கர் அட்டைப் பெட்டியோடு உள்ளே வந்தபோது அவள் கண்ணாடியைப் பார்த்தபடிதான் நின்றிருந்தாள். அவருக்கு ஒரு பார்வையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டியைக் கீழே வைத்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவர் போல மறுபடி எடுத்தார்.

"வந்துட்டீங்களா," என்றாள். திரும்பவில்லை.

"ம்."

"இது அண்ணன் எழுத்து. ஈ போட்டா புள்ளி வைக்க மாட்டான், ரெண்டு சின்ன வட்டம் போடுவான். என் பள்ளிக்கூட நோட்டுக்கெல்லாம் அவன்தான் அட்டை போட்டுப் பேர் எழுதுவான்." "நீங்க பெயின்ட் அடிக்கும்போது இது தூண்ல இருந்துச்சா?"

அவரிடம் மூன்று பொய்கள் தயாராக இருந்தன. கூரை வேலை நடந்ததில் கூடம் இருட்டாக இருந்தது, கண்ணில் படவில்லை என்பது ஒன்று. கூலிக்கு வந்தவர்கள் அடித்தார்கள், நான் பக்கத்தில் இல்லை என்பது இன்னொன்று. மூன்றாவதுதான் நன்றாக மினுக்கி வைத்திருந்த பொய்: மழை விட்ட அன்றைக்கு எழுதினது அது, அதற்கப்புறம் உன் அண்ணனே வந்து தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்றான். சொன்னால் அவள் நம்பவும் கூடும். நாலு நாளாக ஏணிக்கு அடியில் உட்கார்ந்து செதுக்கிய பொய். வாயைத் திறந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு இன்னொரு பன்னிரண்டு வருஷம் நடக்கத் தன்னால் ஆகாது என்று தெரிந்தது. நல்லவனாகிவிட்டதால் இல்லை. களைத்துப் போயிருந்தார்.

"இருந்துச்சு," என்றார்.

"எத்தனை தூண்ல?"

"எட்டுலயும்."

"எட்டையும் நீங்களேதான் அடிச்சீங்களா?"

"நானேதான்."

அவள் இப்போதுதான் திரும்பினாள். அழுதிருக்கவில்லை. முகத்தில் கோபம்கூடப் பெரிதாக இல்லை. கணக்குப் போட்டுப் பார்த்து விடை வராத பிள்ளை மாதிரி புருவத்தைச் சுருக்கியிருந்தாள்.

"முதல் தூண்ல ஏதோ வீம்புக்கு அடிச்சீங்கன்னு வச்சுக்கலாம். ரெண்டாவதுல அவசரம்னு வச்சுக்கலாம். எட்டாவது தூணுக்குப் போறப்ப என்னங்க நினைச்சுக்கிட்டுப் போனீங்க?"

யோசித்துப் பார்த்தார். அவளுக்கு இதையாவது சரியாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"இத்தோட முடிஞ்சுதுன்னு நினைச்சேன்."

அவள் தலையை ஆட்டினாள். பக்கத்தில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கையில் ஒட்டியிருந்த பெயின்ட் துணுக்குகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தாள்.

"அம்மா போனப்ப அண்ணன் வந்து எம் பக்கத்துல உட்கார்ந்தான். நான் எழுந்து போய் வேற இடத்துல உட்கார்ந்தேன். அத்தனை பேரும் பார்த்தாங்க. நீங்களும் அங்கதான் நின்னீங்க."

"நின்னேன்."

"பார்த்துக்கிட்டுத்தானே நின்னீங்க?"

"ஆமா."

"அன்னைக்குச் சொல்லியிருந்தா நான் எழுந்திருச்சிருக்க மாட்டேன்." குரல் அங்கே மட்டும் உடைந்தது. "அவன் அழுதுக்கிட்டு இருந்தான். எங்க அம்மாவுக்கு அழ எங்களைத் தவிர யார் இருக்கா?"

வெட்கம் மினுக்கரின் காது வரைக்கும் சுட்டது. மன்னிச்சிடு என்கிற வார்த்தை தொண்டையில் இருந்தது. இந்த நேரத்தில் அதைச் சொன்னால் அதுவும் ஒரு பூச்சுதான் என்று பட்டதால் விழுங்கிக்கொண்டார்.

அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகப் பேசாத ஆளின் எண்ணை அவள் அழிக்காமல் வைத்திருந்தது மினுக்கருக்கு அப்போதுதான் தெரியும். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"அண்ணே, நான்தான்," என்றாள்.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கேன். யாருக்கும் ஒண்ணும் ஆகலை." கயிற்றுப் பக்கம் திரும்பினாள். "நீ தூண்ல எழுதி வச்சதை இன்னைக்குத்தான் படிச்சேன்."

அதற்கப்புறம் அண்ணன் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ம் என்றாள், கொஞ்சம் விட்டு மறுபடியும் ம் என்றாள். ஒரு தடவை, "என் வீட்டுல சண்டை வந்துடும்னு என்கிட்டகூடச் சொல்லாம இருப்பியா," என்றாள். பதிலைக் கேட்டதும் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்தது என்னவென்று மினுக்கருக்குப் பிடிபடவில்லை. பிறகு போனை அவரிடம் நீட்டினாள்.

"உங்களைக் கேட்கறான்."

"என்னவாம்?"

"நீங்களே கேளுங்க."

வாங்கிக் காதில் வைத்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அந்தக் குரல் கொஞ்சம் வயதாகியிருந்தது, மற்றபடி அதே குரல்தான், ஒவ்வொரு வார்த்தையையும் விளிம்பில் வழித்துவிட்டுப் பேசுகிற குரல்.

"மாப்ள, மரம் இப்ப எப்படி இருக்கு?"

மினுக்கர் பக்கத்துத் தூணில் உள்ளங்கையை வைத்தார். காலையில் மீட்டர் காட்டிய எண் அவருக்குத் தெரியும். வாசகசாலைக்காரர்கள் அடுத்த மாதமே திறக்க வேண்டும் என்று அவசரப்படுத்திக்கொண்டிருப்பதும் தெரியும். மனைவி ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈரமாத்தான் இருக்கு மச்சான். இன்னும் ரெண்டு மாசம் ஆகும்."

"சரி, காயட்டும். போனை அவகிட்டக் குடு."

அவர் கொடுத்தார்.